மெல்வில் வேறு, மெல்ஃபர்ட் வேறு: சஸ்காச்சுவானுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஏதோ ஒரு சிறிய ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, கிளம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு யாராவது முன்கூட்டியே எச்சரித்திருந்தால் 1500 டாலருக்கு மேல் மிச்சமாகியிருக்கும். முன்பின் தெரியாத ஊரின் மோட்டல் அறையில், எல்லாம் போய்விட்டது என்று நடுங்கிக்கொண்டு கிடந்த இரவும் இல்லாமல் போயிருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இதுதான்: இந்த மாகாணத்தின் ஊர்களைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ஆனால், தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. "பக்கம்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்டாரியோவில் சமையற்கலை படித்துவிட்டு மிசிசாகாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு (பி.ஆர்.) என் மதிப்பெண் போதவில்லை. சஸ்காச்சுவானில் ஒரு முதலாளி வேலை கொடுத்தால் அந்த மாகாணம் தானே ஆட்களைத் தேர்ந்து பரிந்துரைக்கும் நியமனத் திட்டம் வழியாக விண்ணப்பிக்கலாம் என்று அறைத்தோழர்கள் சொன்னார்கள். பிராம்ப்டனில் ஏஜென்ட் ஒருவரைப் பிடித்தேன். கொஞ்ச நாளில் அவரே கூப்பிட்டார். "தம்பி, மெல்வில் என்று ஒரு ஊர். ஹோட்டலில் சமையல் வேலை. தலைநகர் ரெஜைனாவுக்குப் பக்கம்தான். நீங்கள் டிக்கெட் போடுங்கள், தங்குவதற்கு அறையும் நானே பேசி முடித்துவிடுகிறேன்" என்றார். வேலைக் கடிதத்தைக் கேட்டேன். "அது என்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன்" என்றார். கிளம்பும் நாள்வரை அது வரவில்லை. அறைக்கு முன்பணம் 450 டாலரை மட்டும் உடனே அனுப்பச் சொன்னார்; அனுப்பினேன்.

நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். ஸ்கார்பரோவில் இருபது வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவர், மெல்வில் வின்னிபெக்கை ஒட்டி இருக்கிறது என்றார். வின்னிபெக் சஸ்காச்சுவானிலேயே இல்லை, பக்கத்து மாகாணமான மானிடோபாவில் இருக்கிறது. என் அறைத்தோழன் சஸ்கடூனையும் சஸ்காச்சுவானையும் ஒரே ஊர் என்று நினைத்திருந்தான். எங்கள் சமையலறைத் தலைவர் ஹாமில்டனில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருக்குத் தெரிந்த ஊர்கள் நான்கு: ரெஜைனா, சஸ்கடூன், மூஸ் ஜா, ஹம்போல்ட். ஹம்போல்ட் எப்படித் தெரியும் என்று கேட்டேன். 2018 ஏப்ரல் 6 அன்று ஹம்போல்ட் பிராங்கோஸ் ஹாக்கி அணியின் பஸ் லாரியுடன் மோதி 16 பேர் இறந்த செய்தியில் கேட்டதாகச் சொன்னார். அணி எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது, எந்த முக்கில் மோதியது என்பதெல்லாம் அவருக்கு நினைவில்லை. இங்கே வந்த பிறகு அந்த முக்கைக் கடந்து போயிருக்கிறேன். டிஸ்டேலுக்கு வடக்கே 35ஆம் எண் சாலையும் 335ஆம் எண் சாலையும் சந்திக்கும் இடம் அது. அணி நிப்பவினுக்கு விளையாடப் போய்க்கொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் ஜேம்ஸ் ஸ்மித் கிரீ நேஷன் என்ற பழங்குடியினர் பகுதியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு மெல்ஃபர்ட் என்ற பெயரும் செய்திகளில் வந்தது. அந்த மரண விசாரணை 2024 ஜனவரியில் மெல்ஃபர்ட்டில்தான் நடந்தது. பெருந்துயரம் ஒன்று நேர்ந்தால்தான் இந்த ஊர்களின் பெயர் வெளியே போகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

வெளியே இருப்பவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மாகாணத்தின் பரப்பு 6,51,900 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. 2021 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 11.3 லட்சம். அதிலும் பத்தில் நான்கு பேருக்கு மேல் சஸ்கடூன், ரெஜைனா என்ற இரண்டு நகரங்களுக்குள் இருக்கிறார்கள். மிச்சமிருப்பவர்கள் இவ்வளவு பெரிய நிலத்தில் சின்னச் சின்ன ஊர்களாகப் பரந்து கிடக்கிறார்கள். அந்த ஊர்களுக்குப் போக வேண்டிய தேவை வெளியாட்களுக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. அதனால் "தெரியவில்லை" என்பது குற்றமில்லை. தெரியாமலே வழி சொல்லி, அதற்குப் பணமும் வாங்கிக்கொள்வதுதான் குற்றம்.

அக்டோபர் கடைசியில் ரெஜைனாவில் இறங்கினேன். ஏர்போர்ட்டிலிருந்து மெல்விலுக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டதற்கு, உதவி மேசையில் இருந்த பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பஸ் கிடையாது" என்றாள். இன்றைக்கு இல்லை என்கிறாளா, இந்த நேரத்துக்கு இல்லை என்கிறாளா என்று திரும்பக் கேட்டேன். பஸ்ஸே கிடையாது. 1946இல் மாகாண அரசு தொடங்கிய பஸ் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 2017 மே மாதம் முடிந்ததோடு அதை இழுத்து மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் அக்டோபரோடு கிரேஹவுண்ட் என்ற தனியார் பஸ் நிறுவனமும் மேற்குக் கனடாவை விட்டுப் போய்விட்டது. இப்போது பெரிய நகரங்களுக்கு இடையே, பிரதான சாலைகளில் தனியார் பஸ்கள் சில ஓடுகின்றன, அவ்வளவுதான். கடைசியில் அந்தப் பக்கம் போகிற ஒருவரின் காரில் 120 டாலர் கொடுத்து இடம் பிடித்தேன். "பக்கம்தான்" என்று ஏஜென்ட் சொன்ன ஊர் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்பதைவிட, கார் இல்லாதவன் அங்கே எப்படிப் போய்ச் சேருவான் என்று கேளுங்கள். ஊரைத் தெரிந்தவர்கள் உடனே பதில் சொல்வார்கள். தெரியாதவர்கள் டாக்சி, ஊபர் என்று பேசுவார்கள். சின்ன ஊர்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மெல்வில் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஏஜென்ட் சொன்ன முகவரியில் அறை இருந்தது. ஆனால் பூட்டியிருந்தது, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ஒரு மோட்டலைத் தேடிப் பிடித்தேன். நாளைக் காலை வேலையில் சேர வேண்டுமே, கடிதத்தையாவது அனுப்புங்கள் என்று ஏஜென்ட்டை நச்சரித்ததில் ராத்திரி ஒன்பது மணிக்கு அது வந்து சேர்ந்தது. ஹோட்டலின் பெயருக்குக் கீழே ஊர் மெல்ஃபர்ட் என்று இருந்தது. முதலில் எழுத்துப் பிழையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்த வயதான அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை படித்துவிட்டு, "கண்ணே, இது மஸ்டாங்ஸ் ஊர். நம்முடையது மில்லியனேர்ஸ்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டும் ஜூனியர் ஹாக்கி அணிகள்: மெல்ஃபர்ட் மஸ்டாங்ஸ், மெல்வில் மில்லியனேர்ஸ். ஒன்றின் ஊருக்கு இன்னொன்று பஸ்ஸில் போய் விளையாடி வரும். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். சுமார் 300 கிலோமீட்டர் என்றார்.

அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது. நாளைக் காலை அங்கே நான் இல்லை என்றால் வேலை போகும்; வேலை போனால் விண்ணப்பம் போகும்; வேலை அனுமதியிலும் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா கேட்கும் முதல் கேள்விக்கே என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் செய்யவில்லை. ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். "இரண்டும் ஒன்றுதான் தம்பி, பக்கத்துப் பக்கத்து ஊர்" என்றார். அந்த நிமிடம் வந்த கோபம் எனக்குள் இன்னும் ஆறவில்லை. என் உழைப்பையும் என் அப்பா கடன் வாங்கிக் கட்டிய படிப்புச் செலவையும் வைத்துக்கொண்டு, ஒரு வரைபடத்தைத் திறந்து பார்க்கும் அக்கறைகூட அந்த மனிதருக்கு இருக்கவில்லை.

இந்த இரண்டு ஊர்களையும் பிரித்துக் காட்டும் அடையாளம் கடிதத்திலேயே இருந்தது: அஞ்சல் குறியீடு. சஸ்காச்சுவானின் குறியீடுகள் எல்லாம் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும். அடுத்து வருவது பூஜ்யம் என்றால் அது கிராமப்புற அஞ்சல் பகுதி. பெரிய நகரங்களுக்கு வேறு எண் வரும். மூன்றாவதாக வரும் எழுத்து மாகாணத்தின் எந்தப் பகுதி என்று காட்டும். மெல்வில் எஸ்0ஏ, தென்கிழக்கில் யார்க்டன் பக்கம். மெல்ஃபர்ட் எஸ்0ஈ, வடகிழக்கில். ஊர்ப் பெயரைப் போனில் கேட்டால் காது ஏமாற்றும். மூஸ் ஜா ரெஜைனாவுக்கு மேற்கே முக்கால் மணி நேரத்தில் இருக்கிறது, மூசோமின் கிழக்கே மானிடோபா எல்லையருகே இருக்கிறது. பேட்டில்ஃபோர்டு, நார்த் பேட்டில்ஃபோர்டு என்று ஆற்றின் இரு கரைகளில் இரண்டு ஊர்கள். வாட்சன், வாட்ரஸ், வடீனா, வக்கா என்று ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் ஒரு படையே இருக்கின்றன. ஆகவே முழு முகவரி, அஞ்சல் குறியீட்டோடு எழுத்தில் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள், முன்பணம் அனுப்பாதீர்கள். அதன்பின் அந்த இடத்துக்கு நீங்களே நேரடியாகப் போன் செய்து, எந்த நெடுஞ்சாலையில் இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். இங்கே எல்லோரும் ஊரைச் சாலை எண்ணோடு சேர்த்துத்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலை அந்த மோட்டல் அம்மாதான் எனக்காக மெல்ஃபர்ட் ஹோட்டலுக்குப் போன் செய்து பேசினார். மேலாளர் சிரித்துவிட்டு, எங்களுக்கு வரும் பார்சல்கூட அங்கே போயிருக்கிறது, பையன் பத்திரமாக வரட்டும் என்றாராம். அதைக் கேட்டதும் என் கண் கலங்கிவிட்டது. வண்டி கிடைக்கும்வரை அந்த அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததில்தான், இந்த மாகாணத்து மக்கள் தங்கள் ஊர்களை எப்படித் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. மெல்விலிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதையின் ஊர்களை அவர் மூச்சுவிடாமல் சொன்னார்: ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர், லெராஸ், லெஸ்டாக். ஆங்கில அகரவரிசை! கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில் நிறுவனம் பாதை போட்டபோது நிலையங்களுக்கு எழுத்து வரிசையிலேயே பெயர் வைத்துக்கொண்டு போயிருக்கிறது. யங், ஜெல்மா என்று கடைசி எழுத்துவரை போய், மறுபடி ஆலன், பிராட்வெல், கிளேவெட் என்று முதலிலிருந்து தொடங்கும். மெல்வில் என்ற பெயரே அந்த நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் மெல்வில் ஹேஸின் பெயரிலிருந்து வந்தது. 1912இல் டைட்டானிக் கப்பலோடு மூழ்கி இறந்தவர் அவர். இதில் சில ஊர்களில் இப்போது ஒரு சில வீடுகள்தான் மிச்சம். ஆனால் அந்த அம்மாவுக்கு ஒவ்வோர் ஊரிலும் ஒரு கல்யாணமோ, ஒரு சாவோ, ஓர் ஆட்டமோ நினைவில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடமாக மனப்பாடம் செய்ததல்ல, வாழ்ந்து தெரிந்துகொண்டது. எங்கள் ஊரில் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறும் பாட்டிகள் வழியிலிருக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் வீட்டுச் சம்பந்தம் என்று சொல்வது எனக்கு ஞாபகம் வந்தது.

அவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர் பெட்ரோல் செலவுக்கென்று 100 டாலர் மட்டும் வாங்கிக்கொண்டு என்னை மெல்ஃபர்ட்டில் கொண்டுவிட ஒப்புக்கொண்டார். 15ஆம் எண் சாலையில் மேற்கே ரேமோர் வரை, அங்கிருந்து 6ஆம் எண் சாலையில் நேர் வடக்கே. வழி நெடுக பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த ஊர்கள் இவ்வளவு நெருக்கமாக முளைத்ததற்குக் காரணம் குதிரை வண்டி. விவசாயி கோதுமையை ஏற்றிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்து ஒரே நாளில் திரும்ப வேண்டும் என்ற கணக்கில் நிலையங்களை வைத்தார்கள். லாரி வந்தது, ஊர்கள் தேய்ந்தன. பிக் குவில் ஏரிப் பக்கம் போகும்போது பனி தூவ ஆரம்பித்தது. டஃபோ, வாட்சன், ஸ்பால்டிங், நைகம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து மதியத்துக்குப் பிறகு மெல்ஃபர்ட்டை அடைந்தோம். ரெஜைனாவிலிருந்து இதே 6ஆம் எண் சாலையில் நேராக வந்திருக்கலாம். அதைவிட நல்லது சஸ்கடூனில் இறங்கியிருப்பது; அங்கிருந்து 41ஆம் எண் சாலையில் சுமார் 175 கிலோமீட்டர்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மெல்வில் அறையின் முன்பணம் 450, திரும்ப வரவே இல்லை. மோட்டல் 240. இரண்டு கார்ப் பயணங்கள் 220. தாமதமாகச் சேர்ந்ததில் போன சம்பளம் 600க்குக் குறையாது. இதில் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கட்டணத்தைச் சேர்க்கவில்லை. அதைப் பற்றி மெல்ஃபர்ட் வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது: சஸ்காச்சுவானில் வெளிநாட்டுத் தொழிலாளியிடம் வேலை வாங்கிக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்குவது சட்டப்படி தடை. 2013இலேயே சட்டம் வந்துவிட்டது, 2024இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆள் எடுப்பவர்கள் மாகாண உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலை அரசு வெளியிடுகிறது. பெயர் அதில் இல்லாத ஆளிடம் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். நான் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் வருகிறதோ இல்லையோ, அடுத்த பையனிடம் அவர் "பக்கம்தான்" என்று சொல்லக் கூடாது.

இங்கேயே இருந்து பழகிய பிறகு தெரிந்த சிலவும் உண்டு. தூரத்தை இவர்கள் மணிக்கணக்கில் சொல்வார்கள், அதுவும் நல்ல வானிலைக்கான கணக்கு. குளிர்காலத்தில் கிளம்பும் முன் மாகாணத்தின் ஹைவே ஹாட்லைனில் சாலை நிலவரம் பார்க்காமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை. "பி.ஏ." என்றால் பிரின்ஸ் ஆல்பர்ட், எங்களுக்குப் பெரிய கடைகள் அங்கேதான். கார் இல்லாமல் இந்த ஊர்களில் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம். ஒன்டாரியோ லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம். இந்திய லைசென்ஸ் மட்டும் இருந்தால் 90 நாட்களுக்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடித்தாக வேண்டும். பழைய கார் வாங்கும்போது எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மைனஸ் 30இல் அதை மின் இணைப்பில் செருகாமல் விட்டால் காலையில் வண்டி கிளம்பாது. கடிகாரத்திலும் கவனம் தேவை. இங்கே வருடம் முழுக்க ஒரே நேரம். டொரண்டோ நம்மைவிடக் கோடையில் இரண்டு மணி நேரம், குளிரில் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். நேர்காணல் அழைப்பை இதனால் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆல்பர்ட்டா எல்லையில் இருக்கும் லாய்ட்மின்ஸ்டர் ஆல்பர்ட்டாவின் நேரத்தைப் பின்பற்றுகிறது.

போன மாதம் மதுரையைச் சேர்ந்த தங்கை ஒருத்தி, யாரோ எண் கொடுத்ததாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். வடீனாவில் முதியோர் இல்லத்தில் வேலையாம். பிராம்ப்டன் உறவினர்கள் அவளை ரெஜைனாவுக்கு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தை எடுத்துக் குறியீட்டைப் படிக்கச் சொன்னேன், எஸ்0ஏ. ஊர் சரிதான். 5ஆம் எண் சாலையும் 35ஆம் எண் சாலையும் சந்திக்கும் இடம். சஸ்கடூனிலிருந்து ஹம்போல்ட், வாட்சன் தாண்டி ஒரே சாலையில் போய்விடலாம். "அண்ணா, அங்கே யாரையும் தெரியாதே, எப்படிப் போவேன்?" என்றாள். முதலாளிக்கே போன் செய்து, கார் இல்லை, எப்படி வருவது என்று கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். சஸ்கடூன் ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்புகிறோம், வரும் நேரத்தை மட்டும் சொல் என்றார்களாம். டிக்கெட்டை அதற்குப் பிறகுதான் போட்டாள். குளிர்காலக் காலணியை மட்டும் டொரண்டோவில் வாங்காதே, சஸ்கடூனில் இறங்கியதும் கூட்டிக்கொண்டு போக வருகிறவரிடம் சொல்லி அங்கே ஒரு கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.